சென்ட்ரல் பார்க் வழக்கில் ஐந்து சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பியது ஊர்க் கொதிப்பா, வழக்கு நடந்த விதமா?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: 1989இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்ணைத் தாக்கியதாக ஐந்து சிறுவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், பிறகு அவர்கள் செய்யவில்லை என்று தெரிந்தது; அப்போது நகரத்தில் குற்றம் தலைவிரித்தாடியதால் மக்களின் ஆத்திரத்தைத் தணிக்க யாரையாவது உள்ளே தள்ள வேண்டியிருந்தது என்று சொல்கிறார்களே, அது சரியா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மக்கள் அழுத்தம்தான் காரணமா என்பது ஒன்று. போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிபதி, பொதுமக்களிலிருந்து எடுத்த பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று இத்தனை சல்லடைகளைத் தாண்டி ஒரு தவறு எப்படி வெளியே வந்தது என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால்தான் முதலாவதற்கு ஓரளவாவது நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். நான் இருபத்தாறு ஆண்டுகள் குற்றவியல் வழக்குகளில் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு, ஆஜரானவன். இடையில் சில ஆண்டுகள் சட்டக் கல்லூரியில் பகுதி நேரமாகச் சாட்சியச் சட்டம் நடத்தினேன். நியூயார்க் நீதிமன்றத்தில் நான் நின்றதில்லை. இங்கே எழுதுவது தீர்ப்புகளையும் நீதிமன்ற ஆவணங்களையும் பல முறை படித்துப் பாடமாக நடத்தியதிலிருந்து வருவது.

முதலில் அந்த நகரத்தின் நிலை. 1990ஆம் ஆண்டில் மட்டும் நியூயார்க் நகரத்தில் 2,245 கொலைகள் பதிவாயின. அதற்கு முந்தைய ஆண்டு 1,905. அன்றைய மக்கள்தொகை சுமார் 73 லட்சம். ஒரு நாளைக்கு ஆறு பிணம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், 2017இல் அதே நகரத்தில் அந்த எண்ணிக்கை முந்நூறுக்கும் கீழே போனது. 1980களின் நடுவில் கிராக் என்ற மலிவான கொக்கெய்ன் தெருவுக்கு வந்ததும், அதை விற்பவர்களுக்கிடையே துப்பாக்கிச் சண்டை அன்றாடமானதும் இந்த எண்ணிக்கைக்குப் பெரும் காரணம். 1989 செப்டம்பரில் மேயர் எட் காச் தன் கட்சியின் வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார். அடுத்து வந்த டேவிட் டிங்கின்ஸ் பதவியேற்று ஓராண்டு ஆவதற்குள், 'டேவ், ஏதாவது செய்யுங்கள்' என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. அமெரிக்காவில் மாவட்ட அரசு வழக்கறிஞரும் தேர்தலில் நின்று வெல்ல வேண்டியவர் என்பதை நம் ஊர் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் அந்தப் பதவி அரசு நியமனம். அங்கே அது ஓட்டு.

1989 ஏப்ரல் 19 இரவு ஒன்பது மணியளவில் கிழக்கு ஹார்லெம் பக்கத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் சிலர் அங்கே ஓடிக்கொண்டிருந்தவர்களையும் சைக்கிளில் போனவர்களையும் தாக்கினார்கள். இது நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதே இரவு, 28 வயதுப் பெண் ஒருவர் 102ஆவது தெருவுக்கு நேராகப் பூங்காவைக் குறுக்கே கடக்கும் சாலையில் அடித்து வீழ்த்தப்பட்டு, மரங்களுக்கிடையே இழுத்துச் செல்லப்பட்டு, வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு அவரைக் கண்டெடுத்தபோது உடலில் இருந்த ரத்தத்தில் முக்கால் பங்கு போயிருந்தது. அவர் பிழைத்தது அதிசயம். ஆனால் அந்த இரவைப் பற்றிய நினைவு எதுவும் அவருக்குத் திரும்பவில்லை. ஆகவே பாதிக்கப்பட்டவரால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது என்ற நிலையில்தான் வழக்கு தொடங்குகிறது. அந்தப் பெண் கண்டெடுக்கப்படுவதற்கு முன்பே, பூங்காவை ஒட்டிய சாலையில் பிடிபட்டுக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த சிறுவர்களில் இருவர் 14 வயதான ரேமண்ட் சன்டானாவும் கெவின் ரிச்சர்ட்சனும். சிறார் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பவிருந்த நேரத்தில், பூங்காவில் ஒரு பெண் உயிருக்குப் போராடுகிறார் என்ற செய்தி வந்தது. அவர்களை அனுப்பாதீர்கள் என்று சொல்லப்பட்டது. என்னைப் பொறுத்தவரை வழக்கின் போக்கு தீர்மானமான நொடி அதுதான். அதற்குப் பிறகு 'யார் செய்தது' என்ற கேள்வி யாராலும் முழு மனதோடு கேட்கப்படவில்லை. 'இவர்களில் யார் என்ன செய்தார்கள்' என்பது மட்டுமே கேட்கப்பட்டது.

மறுநாள் 15 வயதான ஆன்ட்ரன் மெக்ரே, யூசெஃப் சலாம், 16 வயதான கோரி வைஸ் ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். வைஸின் பெயர் போலீஸின் பட்டியலிலேயே இல்லை. நண்பன் சலாமுக்குத் துணையாகக் காவல் நிலையம் போனவர் அவர். 16 வயது நிரம்பியவரை விசாரிக்கும்போது பெற்றோர் உடனிருக்க வேண்டிய கட்டாயம் அங்கே இருக்கவில்லை. ஆகவே ஐவரில் மிகவும் தனியாக விசாரிக்கப்பட்டவரும், பிறகு வயது வந்தவர்களின் சிறைக்கே நேராகப் போனவரும், எல்லோரையும்விட அதிக ஆண்டுகள் உள்ளே இருந்தவரும் துணைக்குப் போனவர்தான். சிறுவர்கள் காவலில் இருந்த நேரம், ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், பதினான்கு மணி முதல் முப்பது மணி வரை. இதில் வீடியோவில் பதிவானது கடைசியில் அரசு வழக்கறிஞர் முன்னிலையில் அவர்கள் சொன்ன வாக்குமூலம் மட்டுமே. அதற்கு முந்தைய நீண்ட விசாரணை பதிவாகவில்லை. சலாம் எழுத்திலும் கையெழுத்திடவில்லை, வீடியோவிலும் பேசவில்லை. அவர் சொன்னதாகத் துப்பறிவாளர் நீதிமன்றத்தில் சொன்னதுதான் அவருடைய வாக்குமூலம். அந்தத் துப்பறிவாளரே தன் சாட்சியத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டார்: பெண்ணின் ஆடையிலிருந்து கைரேகை எடுக்க முடியும், உன் ரேகை அதில் இருந்தால் நீ மாட்டிக்கொள்வாய் என்று சலாமிடம் சொல்லியிருக்கிறார். கையில் அப்படி எந்த ரேகையும் இல்லை. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் வாசகர்கள் நம்பச் சிரமப்படும் இடம். விசாரணையில் போலீஸ் பொய் சொல்வது மட்டும் வாக்குமூலத்தைச் செல்லாததாக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

இங்கே ஒரு சிறு விலகல். நம் நாட்டில் காவல்துறை அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிரான சாட்சியமாக நிரூபிக்கக் கூடாது என்ற விதி 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருந்தது. இப்போதைய சட்டத்திலும் தொடர்கிறது. அதனால் 'போலீஸிடம் சொன்னதை எப்படி நீதிமன்றம் ஏற்றது' என்பதுதான் என் மாணவர்களின் முதல் கேள்வியாக ஆண்டுதோறும் வரும். அமெரிக்காவில் அந்தத் தடை இல்லை. மௌனம் காக்கும் உரிமையையும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சொன்ன பிறகு பெற்ற வாக்குமூலம், தானாக முன்வந்து தந்தது என்று நீதிபதி கருதினால், நேராக ஜூரி முன்னால் போகும். கவனியுங்கள், நீதிபதி பார்ப்பது அது தானாகத் தரப்பட்டதா என்பதை. உண்மையா என்பதை அல்ல. உண்மையா என்பது ஜூரியின் வேலை. ஜூரியோ, நீதிபதியே உள்ளே விட்டிருக்கிறார், அப்படியானால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கும். இப்படி ஒருவர் தோளில் மற்றவர் சாய்ந்துகொள்ள, யாருமே உண்மையைத் தனியாக எடை போடாமல் வழக்கு நகர்ந்துவிட முடியும்.

வகுப்பில் நான் ஒரு காரியம் செய்வதுண்டு. கரும்பலகையில் கட்டம் போட்டு, மேலே சிறுவர்களின் பெயர்களை எழுதி, பக்கவாட்டில் இடம், ஆயுதம், உடை, யார் முதலில் என்று வரிசை போட்டு, அவரவர் சொன்னதை ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்பச் சொல்வேன். பெண் என்ன உடுத்தியிருந்தார் என்ற வரிசையில் ஒருவர் நீல அரைக்கால் சட்டை, டி-ஷர்ட் என்கிறார். உண்மையில் அவர் கால் முழுக்க மூடும் கறுப்பு ஓட்ட உடையும் முழுக்கைச் சட்டையும் அணிந்திருந்தார். இடம் பொருந்தவில்லை, எதை வைத்து அடித்தார்கள் என்பது பொருந்தவில்லை, முதலில் தொட்டது யார் என்பதில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் கட்டம் நிரம்பியதும் வகுப்பு மௌனமாகிவிடும். போலீஸிடமும் அரசு வழக்கறிஞரிடமும் இதே தாள்கள்தான் இருந்தன. தனித்தனியாகப் படிக்கும்போது ஒவ்வொன்றும் நம்பும்படியாகவும், பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எதுவும் நிற்காமலும் இருந்த தாள்கள். ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் பொதுவான இன்னொரு தன்மை உண்டு. 'நான் வல்லுறவு செய்யவில்லை, பிடித்துக்கொண்டேன், அல்லது பார்த்துக்கொண்டிருந்தேன்' என்றே பெரும்பாலும் வரும். சாட்சியாகிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நம்பிய பிள்ளைகளின் பேச்சு அது என்று அவர்கள் பின்னாளில் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. கூட்டாகச் செய்த குற்றத்தில் பிடித்துக்கொண்டவனும் குற்றவாளியே என்ற சட்டம் பதினான்கு வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

செய்யாததை ஒருவன் ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஊகம் தேவையில்லாத அளவுக்கு ஆய்வு இருக்கிறது. ஸ்டீவன் ட்ரிசின், ரிச்சர்ட் லியோ என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பொய் என்று பின்னர் நிரூபணமான 125 ஒப்புதல் வாக்குமூலங்களை எடுத்துப் பார்த்தார்கள். விசாரணை எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிந்த வழக்குகளில் சராசரி 16 மணி நேரத்துக்கும் மேல்; அப்படி ஒப்புக்கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பதினெட்டு வயதுக்கும் குறைந்தவர். தூக்கமின்மை, தனிமை, 'மற்றவன் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான்' என்ற பேச்சு, ஒப்புக்கொண்டால் இது முடிந்துவிடும் என்ற நம்பிக்கை: இவை போதும். அடி தேவையில்லை. வீடியோவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேமரா விசாரிக்கப்படுபவரின் முகத்தை மட்டும் காட்டினால், பார்ப்பவர்கள் அவர் தானாக முன்வந்து பேசுவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று டேனியல் லாசிட்டர் என்ற உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஜூரி பார்த்தது அந்த வகைப் படம். அதுவும் கடைசிக் காட்சி மட்டும்.

இனி மக்கள் அழுத்தத்துக்கு வருவோம். அது இருந்தது என்பதற்குச் சான்று தேடவே வேண்டாம். மே 1ஆம் தேதி, அதாவது சம்பவம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நீதிமன்ற விசாரணை தொடங்கவே இல்லை, அதற்குள் அன்று கட்டட முதலாளியாக இருந்த டொனால்ட் டிரம்ப் நகரின் நான்கு நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து மரண தண்டனையை மீண்டும் கொண்டுவரக் கோரினார். சிறுவர்களின் பெயர்களும் முகவரிகளும் அச்சில் வந்தன. அவர்கள் தங்கள் செயலுக்கு 'வைல்டிங்' (காட்டுத்தனமாக ஆடித் திரிவது) என்று பெயர் வைத்திருந்ததாகப் போலீஸ் சொன்னது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு வேட்டையாடும் மிருகக் கூட்டம் என்ற சித்திரத்தைப் பத்திரிகைகள் வரைந்தன. உண்மையில் அந்தப் பிள்ளைகள் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்களா, கேட்டவர்கள் தவறாகக் கேட்டார்களா என்பது இன்றுவரை தீரவில்லை. இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அதே நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு கறுப்பினப் பெண் வல்லுறவுக்கு ஆளாகி நான்கு மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து கீழே தள்ளப்பட்டார். அவருக்காக யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் வெள்ளையினத்தவர், முதலீட்டு வங்கியில் வேலை பார்த்தவர். பிடிபட்டவர்கள் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். எந்தக் குற்றம் ஊரைக் கொதிக்க வைக்கிறது என்பதை இந்த வேறுபாடு தீர்மானித்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அழுத்தம் இருந்தது என்பதும் அழுத்தத்தால்தான் தண்டனை வந்தது என்பதும் ஒன்றல்ல. ஜூரி கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்திவிட்டுப் போகவில்லை. 1990 ஆகஸ்டில் மூன்று சிறுவர்களின் வழக்கைத் தீர்மானித்த முதல் ஜூரி பத்து நாள் கூடிப் பேசியது. வல்லுறவு, தாக்குதல் ஆகியவற்றுக்குத் தண்டித்தாலும் கொலை முயற்சியிலிருந்து விடுவித்தது. டிசம்பரில் இரண்டாவது ஜூரி ரிச்சர்ட்சனைக் கொலை முயற்சி உட்படக் குற்றவாளி என்றது. அதே மேசையில் வைஸை வல்லுறவு, கொலை முயற்சி இரண்டிலிருந்தும் விடுவித்து, வேறு குற்றங்களுக்குத் தண்டித்தது. ஊருக்குப் பயந்தவர்கள் இப்படிப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். தங்கள் முன்னால் வைக்கப்பட்டதை அவர்கள் உழைத்தே எடை போட்டார்கள். அவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டதில்தான் பழுது. பெண்ணின் உடலிலும் ஒரு காலுறையிலும் கிடைத்த விந்தின் டி.என்.ஏ. ஐவரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை என்பது நீதிமன்ற விசாரணைக்கு முன்பே தெரியும். இன்னொருவன் தப்பிவிட்டான் என்று அரசுத் தரப்பு அதற்கு விளக்கம் சொன்னது. வாக்குமூலம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒரு சோதனை முடிவே வழக்கை நிறுத்தியிருக்கும். வாக்குமூலம் இருந்ததால், அறிவியல்தான் வாக்குமூலத்துக்கு ஏற்ப வளைக்கப்பட்டது. ஊர்க் கொதிப்பு வேலை செய்த இடம் ஜூரி அறை அல்ல, அதற்கு ஓராண்டுக்கு முன் காவல் நிலையத்தில் கழிந்த அந்த இரண்டு இரவுகள் என்பதே என் கருத்து. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் யாரையும் பொய்வழக்குப் போடச் சொல்வதில்லை. கையில் கிடைத்தது போதும் என்று நினைக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

அப்படி நினைத்ததற்குக் கொடுத்த விலை சிறுவர்களுடையது மட்டுமல்ல. பூங்காவில் அந்தச் சம்பவம் நடப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 17 அன்று, அதே பூங்காவில் வேறொரு பெண் தாக்கப்பட்டார். தாக்கியவன் தாடையில் புதிதாகத் தையல் போட்டிருந்தது என்று அவர் சொன்னார். அந்தத் தையலைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைப் பதிவுகளைத் துழாவிய துப்பறிவாளர் ஒருவர் மத்தியாஸ் ரெயெஸ் என்ற பெயர் வரை போனார். அங்கேயே அந்தக் கோப்பு நின்றுவிட்டது. ஜூன் மாதம் ரெயெஸ் கர்ப்பிணிப் பெண் ஒருவரை வல்லுறவுக்கு ஆளாக்கிக் கொன்றான். ஆகஸ்டில் வேறொரு குற்றத்துக்காகப் பிடிபட்டான். ஏப்ரலில் பூங்காவில் அடுத்தடுத்து நடந்த இரண்டு தாக்குதல்களை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் இரண்டாவது வழக்கு 'கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது'. 2001இல் ஆபர்ன் சிறையில் வைஸைச் சந்தித்த பிறகு, 2002இன் தொடக்கத்தில், தான் தனியாகச் செய்த குற்றம் அது என்று ரெயெஸ் தானே சொன்னான். டி.என்.ஏ. அவனுடையதுதான் என்று சோதனை உறுதிசெய்தது. பெண்ணை இழுத்துச் சென்ற தடம் குறுகலாக, ஓர் ஆள் இழுத்ததற்குரிய அகலத்திலேயே இருந்தது என்பது அப்போதுதான் பொருள்பட்டது. அந்தத் தடத்தின் படம் 1989இலிருந்தே கோப்பில் இருந்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் ராபர்ட் மார்கன்தாவின் அலுவலகமே தண்டனைகளை நீக்கும்படி கேட்டது. 2002 டிசம்பர் 19 அன்று நீதிமன்றம் நீக்கியது. அதற்குள் நால்வர் தங்கள் தண்டனையை அனுபவித்து வெளியே வந்திருந்தார்கள். வைஸ் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வந்திருந்தார். 2014இல் நகர நிர்வாகம், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே, 4 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து அவர்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டது. சலாம் 2023இல் நியூயார்க் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எது உறுதி, எது சந்தேகம் என்பதை இங்கே பிரித்துவிடுகிறேன். அந்தப் பெண்ணை வல்லுறவுக்கு ஆளாக்கியவன் ரெயெஸ் என்பது உறுதி. ஐவரையும் அந்தக் குற்றத்தோடு இணைக்கும் பொருள் சான்று எதுவும் இல்லை என்பதும் உறுதி. ரிச்சர்ட்சனின் ஆடையில் கிடைத்தது பெண்ணின் முடியை ஒத்தது என்று விசாரணையில் சொல்லப்பட்டதும், பின்னாளைய சோதனையில் அவருடையதல்ல என்று தெரிந்தது. அன்றிரவு மற்றவர்கள் மீது நடந்த தாக்குதல்களில் ஐவரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தெளிவாகவில்லை. அந்தத் தண்டனைகளும் சேர்த்தே நீக்கப்பட்டன, ஏனெனில் அவையும் அதே வாக்குமூலங்களின் மேல்தான் நின்றன. காவல்துறை நியமித்த குழு 2003இல் கொடுத்த அறிக்கை, விசாரித்த போலீஸார் முறைகேடு எதுவும் செய்யவில்லை என்றும், ரெயெஸுக்கு முன்போ பின்போ சிறுவர்களும் அந்தப் பெண்ணைத் தாக்கியிருக்கக்கூடும் என்றும் சொன்னது. அன்று பணியாற்றிய சிலர் இன்னும் அதையே சொல்கிறார்கள். அந்த அறிக்கையை நான் படித்தேன், டி.என்.ஏ. வந்த பிறகும் வாக்குமூலத்தைக் காப்பாற்றப் புதிதாக ஒரு கதை தேவைப்பட்டது என்ற எண்ணமே எனக்கு மிஞ்சியது. ஆனால் துப்பறிவாளர்கள் தெரிந்தே நிரபராதிகளை மாட்டிவிட்டார்கள் என்று சொல்லவும் என்னிடம் ஆதாரமில்லை. அவர்கள் நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். நம்பிக்கையோடு செய்த தவறைப் பிடிப்பது, தெரிந்து செய்த தவறைப் பிடிப்பதைவிடக் கடினம்.

இந்த ஒரு வழக்கை வைத்துக்கொண்டு 'மக்கள் அழுத்தமே காரணம்' என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வலுவான காரணம், பத்திரிகை எட்டிக்கூடப் பார்க்காத வழக்குகள். 1989 ஆகஸ்ட் 15 அதிகாலை புரூக்ளினில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜோனதன் ஃபிளெமிங் என்பவர் கைதானார். அந்த நேரத்தில் தான் குடும்பத்தோடு ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்குச் சுற்றுலா போயிருந்ததாகச் சொல்லி, விமானச் சீட்டு, வீடியோ, அஞ்சலட்டை எல்லாம் காட்டினார். இடையில் விமானத்தில் வந்து சுட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம் என்றது அரசுத் தரப்பு. அவரை நேரில் பார்த்ததாகச் சொன்ன ஒரே பெண், தண்டனைக்குப் பிறகு விரைவிலேயே, திருட்டு வண்டி வழக்கிலிருந்து தப்பிக்கப் பொய் சொன்னேன் என்று பின்வாங்கினார். அதை யாரும் நம்பவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கோப்பை மறுபடி திறந்தபோது, உள்ளே ஒரு சிறு தாள் இருந்தது: ஆர்லாண்டோ ஹோட்டலில் தொலைபேசிக் கட்டணம் செலுத்திய ரசீது, தேதி ஆகஸ்ட் 14, நேரம் இரவு 9.27. கொலைக்குச் சுமார் ஐந்து மணி நேரம் முன்பு. கைதான அன்று அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த ரசீது அது. அவரை ஹோட்டல் ஊழியர்களுக்கு நினைவிருக்கிறது என்று ஆர்லாண்டோ போலீஸ் எழுதிய கடிதமும் அதே கோப்பில் இருந்தது. இரண்டுமே அவருடைய வழக்கறிஞருக்குக் கொடுக்கப்படவில்லை. 2014 ஏப்ரலில் அவர் விடுதலையானார்.

இதில் விளம்பரமும் இல்லை, மேயரும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. இருந்தது எண்ணிக்கை. ஒரு நாளைக்கு ஆறு கொலை நடக்கும் ஊரில், ஒரு துப்பறிவாளரின் மேசையில் அடுத்த கோப்பு வந்து விழுவதற்குள் முந்தைய கோப்பை மூட வேண்டும். நேரில் பார்த்த சாட்சி ஒருவர் கிடைத்துவிட்டால், சட்டைப்பை ரசீதை விரித்துப் படிக்க யாருக்கு நேரம்? அந்தக் காலத்து நியூயார்க்கின் தவறான தண்டனைகளில் பெரும்பகுதி இந்த வகைதான் என்று நினைக்கிறேன். இதைக் கணக்குப் போட்டு நிரூபிக்க வழியில்லை, ஏனெனில் மறுபடி திறந்து பார்க்கப்பட்ட கோப்புகள் மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. புரூக்ளினில் 2014இல் பொறுப்பேற்ற மாவட்ட அரசு வழக்கறிஞர் கென்னத் தாம்சன் பழைய தண்டனைகளை மறு ஆய்வு செய்யும் பிரிவை விரிவாக்கிய பிறகுதான் அவை வரிசையாக வெளிவந்தன. அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவை, தவறே செய்யவில்லை என்று இன்றும் மறுக்கிற ஒரே துப்பறிவாளர் பணியாற்றிய வழக்குகள். அழுத்தம் நேரடியாகத் தெரியும் வழக்குகளும் உண்டு. 1990 செப்டம்பரில் வெளியூர்ச் சுற்றுலாப் பயணி ஒருவர் சுரங்க ரயில் நிலையத்தில் குத்திக் கொல்லப்பட்டபோது நகரமே ஆடிப்போனது. முன்னே சொன்ன 'டேவ், ஏதாவது செய்யுங்கள்' அந்த வாரத் தலைப்புதான். ஆயிரக்கணக்கான போலீஸாரைக் கூடுதலாக எடுக்க மேயர் திட்டம் போட்டதும் அதையொட்டித்தான். அந்த வழக்கில் காவலில் ஒப்புக்கொண்டு, பிறகு அதை மறுத்து, இருபத்தைந்து ஆண்டுகள் உள்ளே இருந்த ஜானி ஹின்கபியின் தண்டனை 2015இல் நீக்கப்பட்டது. ஆகவே வெளிச்சமும் தவறு செய்ய வைக்கிறது, வேலைப் பளுவும் தவறு செய்ய வைக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: வெளிச்சத்தில் நடந்த தவறு என்றாவது ஒரு நாள் யாராவது திரும்பிப் பார்க்கும்படி இருக்கும்.

நண்பர் கடைசியாக, இன்று அங்கே இப்படி நடக்க முடியுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தார். சில கதவுகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. கடுமையான குற்றங்களில் காவலில் வைத்து நடத்தும் விசாரணையை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் நியூயார்க் மாநிலத்தில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கடைசிக் காட்சியை மட்டும் காட்டுவது இப்போது எளிதல்ல. அரசுத் தரப்பு தன் கோப்பில் உள்ளதை விசாரணைக்கு வெகுமுன்பே எதிரித் தரப்புக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி மாறியது. ஃபிளெமிங்கின் ரசீது அந்த விதியின் கீழ் அவருடைய வழக்கறிஞர் மேசைக்கு வந்திருக்க வேண்டும். சிறுவர்களிடம் விசாரணையில் பொய் சொல்லக் கூடாது என்று இல்லினாய், ஓரிகன் மாநிலங்கள் 2021இல் சட்டம் செய்தன. வயது வந்த ஒருவரிடம், உன் கைரேகை கிடைத்துவிட்டது என்று இல்லாத ரேகையைப் பற்றிச் சொல்வதைப் பொறுத்தவரை, 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இதுவரை மாற்றவில்லை.